தண்ணீர் தொடாத வள்ளம்

பாக்கியரத்தினம் வள்ளம் கட்டப்போவதாக அறிவித்தபோது பிலோமினா குசினியில் நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அறிவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர். தேத்தண்ணி வேண்டும் என்றால்கூட அறிவிக்கத்தான் செய்வார்.

"பிலோ, நான் ஒரு வள்ளம் கட்டப்போறன். மரவள்ளம். எங்கடை போர்ட்டிக்கோவிலை வைச்சு, என்ரை கையாலை."

பிலோமினா வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் வந்து நின்ற வசனம் அருமையான வசனம். சொல்லியிருந்தால் ஒழுங்கை முழுவதும் ஒரு கிழமைக்குச் சிரித்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டு அடுத்த நெத்தலியின் தலையைக் கிள்ளினாள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்கிறவர்கள் அன்புவழிபுரத்துக்குப் புதியவர்களாகத்தான் இருக்க வேண்டும். பிலோமினாவின் வாய்க்குத் தப்பிய மனிதரோ பொருளோ அந்த வட்டாரத்தில் கிடையாது. புதிதாக வந்த சுவாமியார் முதல் பூசையிலேயே பிரசங்கத்தை இழுத்தபோது, பூசை முடிந்த கையோடு போய், "மிச்சத்தை அடுத்த வருசத்துக்கு வைச்சிருக்கிறியளோ சுவாமி?" என்று கேட்டவள். வீட்டுக்குள் அவளுடைய நிரந்தர வாடிக்கையாளர் புருசன் பாக்கியரத்தினம். ஓய்வு பெற்ற புதிதில் அவர் குசினிச் சுவரில் ஒரு தட்டு அடித்தார். "நல்ல தட்டு. ஒண்டும் வைக்காட்டி விழாது" என்றாள். தக்காளி நட்டார், ஒரே ஒரு காய் காய்த்தது. "பிள்ளைக்கு ஞானஸ்நானம் எப்ப?" என்று விசாரித்தாள். மெதடிஸ்த கோயிலில் வாசிக்கலாம் என்ற நினைப்பில் ஓர்கன் பழகினார். "பக்கத்து வீட்டு நாய் இப்ப சுருதியோடை குரைக்குது, உங்கடை புண்ணியம்" என்றாள். தட்டைக் கழற்றி வைத்தார், தக்காளிப் பாத்தியில் புல் முளைத்தது, ஓர்கன் கட்டிலுக்குக் கீழே போய்ச் சேர்ந்தது.

அப்படிப்பட்டவள் வள்ளத்துக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. காரணம் அவள் பிறந்த வீடு.

பிலோமினா கடற்கரைப் பங்கில் பிறந்தவள். தகப்பன், சித்தப்பன்மார், தம்பி மேர்வின், எல்லோரும் கடலில் உழைத்தவர்கள். அந்த ஆட்களிடம் எதற்கும் அடங்காத வாய்தான் உண்டு, ஆனால் ஒன்றுக்கு மட்டும் அடங்கும். கட்டி முடித்துக் கடல் தண்ணீர் தொடும்வரை ஒரு வள்ளத்தைப் பற்றி நல்லதும் சொல்லக்கூடாது, கெட்டதும் சொல்லக்கூடாது. தண்ணீர் தொட்ட பிறகு எதையும் சொல்லலாம், சொல்லவும் செய்வார்கள். அதற்கு முன் வாய் வைத்தால் வைத்தவன் வாக்கு வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிடும் என்பது நம்பிக்கை. பிலோமினாவின் சின்னம்மா ஒருத்தி, மணலில் நின்ற புது வள்ளம் ஒன்றைப் பார்த்து, "இதென்ன பாண் பெட்டி மாதிரி?" என்று பகிடி விட்டாள். அந்த வள்ளம் கடலுக்குப் போன முதல் தொழிலிலேயே இரண்டு பேரோடு திரும்பாமல் போயிற்று. அந்தக் கிழமை அடித்த புயலைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கதைப்பதில்லை. சின்னம்மாவின் வாயைப் பற்றித்தான் கதை. யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. கடற்கரைக்கு மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை, அவள் சாகும்வரை.

பிலோமினா இதை நம்புகிறாளா என்று கேட்டால், நம்பவில்லை என்றுதான் சொல்வாள். பரீட்சித்துப் பார்ப்பதற்கு மட்டும் அவள் தயாரில்லை.

பாக்கியரத்தினத்துக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது. அவர் பட்டினத்து மெதடிஸ்தக் குடும்பம். தகப்பனும் லிகிதர், பாட்டனும் லிகிதர். பரம்பரையில் ஒருவரும் முழங்காலுக்கு மேலே கடலுக்குள் இறங்கியதில்லை. நீச்சல் தெரியாது. அவருக்கு வள்ளத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்தது. அந்த மனிதன் பனி கொட்டுகிற ஏதோ நாட்டில், தாடியும் தொப்பியுமாக, ஒரு கொட்டிலுக்குள் நின்று பிளைவுட் பலகைகளை வெட்டிக் கம்பியால் தைத்து, தையலுக்கு மேல் ரெசின் பூசி வள்ளமாக்கிக் காட்டினான். அரை மணித்தியாலத்தில் கட்டி முடித்துவிட்டான். பாக்கியரத்தினம் அதே வேலையைத் தொடங்கி, நத்தார் வந்து போய், பெரிய வெள்ளி வந்து போய், சோளகக் காற்று எழும்பி அடங்கும் காலமும் வந்துவிட்டது.

பலகை வந்தது. வளைத்த பலகை ஒரு நாள் பட்டென்று நிமிர்ந்து போர்ட்டிக்கோ பல்பை உடைத்தது. பிலோமினா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். கம்பியால் தைத்தார். க.பொ.த. வகுப்பில் தையல் பாடத்துக்குப் போன பெண்பிள்ளைகள் அதைவிட நேராகத் தைத்திருப்பார்கள். அதையும் அவள் சொல்லவில்லை. ரெசின் பூசும்போது அது அவருடைய சாரத்திலும், மயிரிலும், பைபிள் வகுப்புக்குப் போகும் செருப்பிலும் ஒட்டிக் கல்லாயிற்று. ஒரு செருப்பு போர்ட்டிக்கோ நிலத்தோடு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பிலோமினா அதைச் சுற்றிக் கூட்டினாள். தொண்டைவரை வந்த வசனங்களை விழுங்கி விழுங்கி அவளுக்கு வயிறு ஊதிப்போய், வைத்தியர் காஸ்ரிக் என்று மாத்திரை கொடுத்தார்.

வள்ளம் உருவம் பெற்றதும் மேர்வின் தன்னுடைய கூட்டாளிமார் மூன்று பேரோடு பார்க்க வந்தான். நான்கு பேரும் பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர்கள். வள்ளத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்கள். ஒருவன் குனிந்து அடிப்பகுதியைப் பார்த்தான், பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான்.

"இண்டைக்கு நல்ல வெக்கை" என்றான்.

"ஓம், மழை வந்தாலும் வரும்" என்றான் இன்னொருவன்.

"அத்தான், தேத்தண்ணிக்குச் சீனி காணாது" என்றான் மேர்வின்.

நான்கு பேரும் குடித்துவிட்டுக் கேற்றைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். பாக்கியரத்தினத்தின் முகம் பூரித்துப்போயிற்று.

"பார்த்தீரோ பிலோ? வாயடைச்சுப் போயிட்டாங்கள். பரம்பரை பரம்பரையாய்த் தொழில் செய்யிற ஆக்கள். ஒரு குறை சொல்ல ஏலாமல் போச்சுது."

பிலோமினா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குசினிக் கதவைச் சாத்திவிட்டுத் துவாயை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கடலோரத்தார் வாயடைத்துப் போக, கடலைக் காணாதவர்கள் பேஸ்புக்கில் வாய் ஓயாமல் புகழ்ந்தார்கள். பழைய கச்சேரிக்காரர், கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன்மார், லண்டனில் இருக்கும் மகள் லதுஷா, எல்லோரும் இதயமும் கைதட்டலும் அனுப்பினார்கள். கிண்ணியாவில் இருக்கும் சரீப், கச்சேரியில் பாக்கியரத்தினத்துக்கு அடுத்த மேசையில் இருந்தவர், போனில் கூப்பிட்டார். "சேர், வள்ளம் முடிஞ்சா நேரா நம்மட ஊட்டுக்குத்தான் வரணும். பகல் சாப்பாடு நம்மளோட."

அந்த ஒரு வார்த்தையில் பாக்கியரத்தினம் தீர்மானித்துவிட்டார். வள்ளம் இறங்கும் நாளிலேயே குடாவைக் கடந்து கிண்ணியாவுக்கு வலித்துக்கொண்டு போவது. முந்தி அந்தப் பக்கம் போக ஜனங்கள் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்து வெயிலில் காய்ந்தார்கள். இப்போது நல்ல பாலம் போட்டு, பஸ் ஓடுகிறது, இருந்த இடத்தில் இருந்து காற்று வாங்கிக்கொண்டு போகலாம். அந்தக் கஷ்டம் தீர்ந்துபோனதில்தான் பாக்கியரத்தினத்துக்குக் கவலை போலும்.

இதுவரைக்கும் எல்லாம் பகிடிதான். வள்ளம் ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு, ஒரு இடத்தில் கசியும், கரையோரமாக இரண்டு வலிப்பு வலித்துவிட்டு மனிதர் திரும்பி வருவார் என்று பிலோமினா தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கதிரையைக் கொண்டுவந்தார்.

ஓய்வு பெறும்போது கச்சேரி நலன்புரிச் சங்கம் அவருக்கு ஒரு சுழல் கதிரை பரிசளித்திருந்தது. கை வைக்க இடம், தலை சாய்க்க இடம், கறுப்பு ரெக்சின். அவருக்கு முதுகு நோ. வெள்ளைக்காரனின் வள்ளத்தில் குறுக்கே ஒரு தாழ்ந்த பலகைதான் இருந்தது, அதில் இருந்து கிண்ணியாவரை வலிக்க ஏலாது என்று கண்டுகொண்டார். கதிரையின் சில்லுகளைக் கழற்றிவிட்டு, ஒரு பெட்டி அடித்து, பெட்டிக்கு மேல் கதிரையை வைத்து, நடு வள்ளத்தில் நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கினார். ஏறி உட்கார்ந்து பார்த்தார். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையசைக்கக்கூடிய உயரம்.

பிலோமினாவுக்கு வாய் வைக்கக்கூடாது, எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆகவே சொல்லிவிடுகிறேன். அவ்வளவு ஒடுங்கிய வள்ளத்தில் ஆள் தாழ்ந்துதான் இருக்க வேண்டும். பாரம் மேலே ஏறினால் முதலாவது குறுக்கலையில் வள்ளம் ஆளைக் கவிழ்த்துக் கொட்டிவிடும். கடற்கரையில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். பாக்கியரத்தினத்தின் பாரம் சாதாரண பாரமும் இல்லை. நீச்சல் தெரியாத மனிதர், முட்டுக்காலில் ஊன்றி நிலத்திலிருந்து எழும்பவே ஒரு ஆளின் கை வேண்டும். அவர் கதிரையில் இருந்து கையசைப்பதைப் பிலோமினா பார்த்தாள். இந்த மனிதர் செத்துப்போகப்போகிறார் என்று அவள் அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தாள்.

வாய் திறவாமல் தடுக்க என்னென்ன வழி உண்டோ எல்லாம் பார்த்தாள். பிரஷரைப் பற்றிக் கதைத்தாள். "கடல் காத்து பிரஷருக்கு நல்லது" என்றார். நீச்சல் பழகச் சொன்னாள். "வள்ளத்திலை போறவனுக்கு என்னத்துக்கு நீச்சல்? பஸ்ஸிலை போறவன் ஓடிப் பழகிறானோ?" என்றார். மிதக்கிற அங்கி ஒன்றாவது போடச் சொன்னாள். கதிரையின் கையில் அது இடிக்கிறது என்றார். மேர்வின் தன்னுடைய எஞ்சின் போட்டில் பக்கத்தில் வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தான். அதுவும் சரிவரவில்லை. பாக்கியரத்தினம் தன்னந்தனி வள்ளமாகக் கடலில் போவதைக் கரையிலிருந்து வீடியோ எடுப்பதாக ஏற்பாடு, அதற்குள் ஒரு பைபர் போட் வந்து நின்றால் படம் பழுதாகிவிடும்.

நேவிக்காரரிடம் அனுமதி வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாளும் வைத்தாயிற்று. முதலில் கத்தோலிக்கச் சுவாமியார் ஆசீர்வதிப்பது, அவர் விட்ட குறையை மெதடிஸ்தப் போதகர் ஜெபித்து நிரப்புவது. லதுஷா வீடியோக் கோலில் வருவாள். பாக்கியரத்தினம் கதிரையில் இருக்க, வள்ளத்தை ஆட்கள் சேர்ந்து தூக்கித் தண்ணீரில் இறக்குவது. அவரே போட்ட திட்டம். கச்சேரியில் சுதந்திர தின விழாவுக்குத் திட்டம் போட்ட அதே மனிதர்தானே.

பிலோமினாவுக்கு அந்தக் காட்சி முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. வள்ளம் தண்ணீர் தொடும். தொட்ட அடுத்த நொடி கரையில் நிற்கும் அவளுடைய ஆட்கள் அத்தனை பேரின் வாயும் திறக்கும். இவ்வளவு நாளாய் அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெளியில் வரும். போதகருக்கு முன்னால், கச்சேரிக்காரருக்கு முன்னால், லண்டனில் இருக்கும் மகளுக்கு முன்னால் மனிதரை உரித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். அவர் கேட்டு இறங்குவாரா? ஊர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கதிரையை விட்டு இறங்குகிற ஆள் இல்லை அவர். காட்டிக்கொள்வதற்காகவே வலிப்பார். ஒன்றில் மானம் போகும், இல்லாவிட்டால் உயிர் போகும், பெரும்பாலும் இரண்டும் போகும். சொல்வதென்றால் வீட்டில் வைத்து, அவளே, அதற்கு முதல் சொல்ல வேண்டும். அதற்கு வள்ளம் தண்ணீர் தொட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை பிலோமினா ஒரு பிளாஸ்ரிக் கானைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் கடற்கரைக்குப் போனாள். மேர்வின் மணலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"டேய் மேர்வின், வள்ளம் தண்ணி தொடுறதெண்டால் கடலுக்குள்ளை போய்த்தான் தொடோணுமோ?"

"வேறை எங்கை தொடுறது அக்கா?"

"கடல் தண்ணியைக் கொண்டுபோய் வள்ளத்திலை ஊத்தினால்?"

மேர்வின் வலையை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். "உனக்கென்ன பைத்தியமோ? வள்ளம்தான் தண்ணிக்குப் போறது. தண்ணி வள்ளத்துக்கு வாறதெண்டு ஆரும் சொல்லேல்லை."

"வரக்கூடாதெண்டு ஆராவது சொன்னதோ?"

அவன் யோசித்தான். தகப்பன் சொன்னது, சித்தப்பன் சொன்னது எல்லாவற்றையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்பிடியும் ஆரும் சொல்லேல்லைத்தான்."

"அப்ப கானைப் பிடி."

மேர்வின் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கானை நிரப்பினான். கரைத் தண்ணீர் கலங்கல், அது கணக்கில் எடுபடுமோ தெரியாது என்று அவனே சந்தேகப்பட்டு, இன்னும் கொஞ்சம் உள்ளே போய் நல்ல தண்ணீராக அள்ளினான். "அடிப்பலகை முழுக்க நனையோணும் அக்கா. சும்மா தெளிச்சுப்போட்டு வாயைத் திறந்திடாதை" என்று சொல்லிக் கானை ஓட்டோவில் ஏற்றிவிட்டான். ஓட்டோக்காரன் இவர்களை ஒரு மாதிரிப் பார்த்தான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது பாக்கியரத்தினம் போர்ட்டிக்கோவில் ஒரு துணியால் கதிரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வள்ளம் இரண்டு மரக்குதிரைகளுக்கு மேல், நீல வண்ணம் பளபளக்க நின்றது. முன்னுக்கு வெள்ளை எழுத்தில் 'சமுத்திர ராணி' என்று எழுதியிருந்தார். பிலோமினா ஒன்றும் பேசாமல் குனிந்து, கான் மூடியைத் திறந்து, வள்ளத்தின் அடிப்பலகைக்குக் கீழே கையால் அள்ளி அள்ளித் தேய்த்தாள். மிச்சத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊற்றிக்கொண்டே போனாள். தண்ணீர் வழிந்து, நிலத்தில் குடியேறிய செருப்பைச் சுற்றிக்கொண்டு ஓடியது.

"என்ன பிலோ செய்யிறீர்? பெயின்ற் இப்பதான் காய்ஞ்சது!"

"கடல் தண்ணி" என்றாள் பிலோமினா. கானைக் கீழே வைத்தாள். சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் சொல்லுறதைக் கேளுங்கோ, இடையிலை பேசாதையுங்கோ. உது வள்ளமில்லை. உதின்ரை முகம் கோணேசர் கோயிலைப் பார்க்குது, பின்பக்கம் கன்னியாவுக்குப் போக நிக்குது. நேரா வலிச்சீங்களெண்டால் வட்டமடிச்சு வெளிக்கிட்ட இடத்துக்கே வந்து நிப்பியள். வலப் பக்கம் வயிறு தள்ளிக் கிடக்கு, இடப் பக்கம் பட்டினி கிடந்த மாதிரி. அந்தத் தையல் இருக்கே, அதைத் தைச்ச கையை லண்டனிலை இருக்கிற மகளுக்குக் காட்டாதையுங்கோ. சமுத்திர ராணியாம்! கிணத்தடி ராணியெண்டு வையுங்கோ, தொட்டியாவது நிரம்பும். எல்லாம் போகட்டும். அந்தக் கதிரை! ஆராவது மனுசர் கடலுக்குள்ளை கந்தோர் வைப்பினமோ? அலை வந்தால் பைல் கொண்டு வருமெண்டு நினைச்சியளோ, கையெழுத்துப் போட்டு அனுப்ப? ஒரு அலை பக்கத்தாலை வந்துதெண்டால் நீங்களும் கதிரையும் அப்பிடியே தலைகீழ். கதிரையிலை இருந்தபடியே அடியிலை இருப்பியள். உங்களுக்கு நீந்தத் தெரியாது. அந்த இடத்திலை மேர்வின் ஆக்கள் வந்து சேருறதுக்குள்ளை எல்லாம் முடிஞ்சிடும். பிறகு நான் ஆரோடை கதைக்கிறது?"

கடைசி வசனம் அவள் திட்டமிட்டது இல்லை. மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, அவருடைய பதிலுக்குத் தயாராக நின்றாள். கோபிப்பார், ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்வார், அல்லது யூரியூப்பைப் போட்டுக் காட்டுவார் என்று நினைத்தாள்.

பாக்கியரத்தினம் துணியை மடித்துக் கதிரையின் கைமேல் வைத்தார்.

"உதை முதலே சொல்லியிருக்கலாமே பிலோ."

"ஏலாது. தண்ணி தொடாத வள்ளத்துக்கு நாங்கள் வாய் வைக்கிறேல்லை. நல்லதும் சொல்லுறேல்லை, கெட்டதும் சொல்லுறேல்லை. சொன்னால் பலிச்சிடுமெண்டு பயம்."

அவர் வள்ளத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். "அப்ப மேர்வின் வந்து வெக்கையெண்டு கதைச்சது…"

"ஓம்."

"மற்றப் பெடியளும்…"

"ஓம்."

"நான் வாயடைச்சுப் போயிட்டாங்களெண்டு நினைச்சன்." அவர் போர்ட்டிக்கோப் படியில் மெதுவாக உட்கார்ந்தார். பிலோமினா கை கொடுக்கப் போனாள், அவர் அதற்குள் இருந்துவிட்டார். "நான் எதைத் தொடங்கினாலும் நீர் ஒரு வசனம் சொல்லுவீர். நல்ல பகிடியாய்த்தான் இருக்கும், நானும் சிரிப்பன். சிரிச்சுப்போட்டு அந்த வேலையை விட்டிடுவன். கலியாணம் கட்டின நாளிலையிருந்து அப்பிடித்தான். வள்ளமெண்டு சொன்னன். நீர் ஒண்டும் சொல்லேல்லை. பலகை வந்துது, ஒண்டும் சொல்லேல்லை. பல்ப் உடைஞ்சுது, அப்பவும் பேசாமல் கூட்டி அள்ளினீர். சரி, இதிலை என்னட்டை ஏதோ கிடக்குப் போலை, பிலோவுக்கே பிழை பிடிக்கேலாமல் கிடக்கெண்டு நினைச்சன். எனக்கு வள்ளத்திலை அப்பிடி ஒரு ஆசையும் இருக்கேல்லை. கடலெண்டால் பயம்தான். நீர் ஒண்டும் சொல்லாமல் இருந்தீர், அதுக்காகத்தான் கட்டி முடிச்சனான்."

அவர் இதைக் குற்றம் சாட்டுவதுபோலச் சொல்லவில்லை. தபால் வந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். பிலோமினாவுக்கு எங்கேயாவது போய் இருந்துவிட வேண்டும் போலிருந்தது. இவ்வளவு காலமும் பகிடி என்று நினைத்துத்தான் சொன்னாள். ஊரே சிரித்தது, அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்த மனிதர் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வந்ததை அவள் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கவில்லை.

பாக்கியரத்தினம் எழும்பி ஸ்பானரைத் தேடி எடுத்தார். வள்ளத்துக்குள் குனிந்து கதிரையின் முதலாவது நட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"நாளைக்கு அடிப்பலகையிலை இருந்து கரையோரமாய்க் கொஞ்சம் வலிக்கிறன்" என்றார் உள்ளே இருந்தபடி. "மேர்வினைப் பக்கத்திலை வரச்சொல்லும். அங்கியும் போடுறன். சரீபுக்குப் போன் எடுத்துச் சொல்லோணும், சாப்பாட்டுக்கு பஸ்ஸிலை வாறனெண்டு."

"ஓம்" என்றாள் பிலோமினா. உயிர் தப்பிவிட்டது. மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் நிம்மதியாக உள்ளே போய்ச் சமைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஏதாவது ஒன்று நல்லதாகச் சொல்ல வேண்டும். இப்போது தண்ணீர் தொட்டாயிற்று, நல்லதும் சொல்லலாம், தடை இல்லை. பொய் சொல்லவும் அவளுக்கு விருப்பமில்லை. கடற்கரையில் பிறந்த கண்ணால் அந்த வள்ளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தேடினாள். வண்ணத்தில் இல்லை. தையலில் நிச்சயமாக இல்லை. அப்போதுதான் சுவரில் சாய்த்து வைத்திருந்த துடுப்புகளைக் கண்டாள். இரண்டையும் அவர் வெறும் பலகையில் இருந்து சீவி எடுத்தது. யூரியூப்பில் அந்தப் பகுதி விளங்காமல் தன் பாட்டில் செய்தது. பிலோமினா ஒன்றைக் கையில் எடுத்தாள். நடுவில் பிடித்துப் பார்த்தாள், இரண்டு பக்கமும் சமமாக நின்றது. பிடியில் ஒரு சிராம்பு இல்லை. அலகு மெல்லிசாக, நுனிவரை ஒரே சீராக இறங்கியிருந்தது. மேர்வினுடைய கையில் கொடுத்தாலும் பேசாமல் எடுத்துக்கொண்டு தொழிலுக்குப் போவான்.

"இஞ்சருங்கோ" என்றாள். "இந்தத் துடுப்பு ரெண்டும் நல்லாச் செய்திருக்கிறியள்."

ஸ்பானர் சத்தம் நின்றது. பாக்கியரத்தினம் வள்ளத்துக்குள் இருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். காத்துக்கொண்டிருந்தார்.

"ம், சொல்லும்."

"என்னத்தை?"

"மிச்சத்தை."

"மிச்சமொண்டும் இல்லை. நல்ல துடுப்பு, அவ்வளவுதான்."

அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது, தட்டுக்கும் தக்காளிக்கும் ஓர்கனுக்கும் சிரித்த அதே நல்ல மனிதருடைய சிரிப்பு. "விளங்குது, விளங்குது. அடுப்புக்கு நல்லா எரியுமெண்டுதானே வரப்போறீர்?"

"இல்லையப்பா. சத்தியமாய் நல்லாயிருக்கு."

"சரி பிலோ, இது நல்ல பகிடி" என்றார் பாக்கியரத்தினம். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நட்டைக் கழற்றக் குனிந்தார்.